தியானம் பழகுவது எப்படி: முதல் ஐந்து நிமிடத்திலிருந்து நிலைத்த பழக்கம் வரை

தியானத்தைத் தொடங்கி ஒரே வாரத்தில் விட்டவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "கண்ணை மூடினாலே ஆயிரம் யோசனை வருது, எனக்கு இது சரிப்படாது." நானும் இதையே சொல்லி மூன்று தடவை விட்டவன். முதல் தடவை, எடுத்த எடுப்பிலேயே தினமும் 40 நிமிடம் என்று முடிவு செய்து உட்கார்ந்தேன். ஒன்பதாம் நாள் நின்றுபோனது. நான்காம் தடவை ஐந்து நிமிடத்தில் தொடங்கினேன். அதுதான் நிலைத்தது.

அந்த மூன்று தடவையும் எனக்குப் பிடிபடாத ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனம் அலையும். அலைந்துவிட்டது என்று ஏதோ ஒரு நொடியில் தெரியவரும். தெரிந்ததும் மூச்சுக்குத் திரும்பி வருகிறோம். இந்தத் திரும்பி வருதல்தான் பயிற்சி. ஒரு தடவை உட்காரும்போது இருபது முறை மனம் ஓடிப்போய் இருபது முறையும் திரும்பியிருந்தால், இருபது முறை பயிற்சி செய்திருக்கிறீர்கள். யோசனை வந்ததற்காக அந்தப் பயிற்சியைத் தோல்வி என்று எண்ணித்தான் நாம் எழுந்துபோகிறோம்.

மனம் அலைவது உங்களுடைய தனிப்பட்ட குறையும் கிடையாது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் 2010-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேரிடம் கைபேசி வழியாக, நாளின் வெவ்வேறு நேரங்களில், "இப்போது என்ன செய்கிறீர்கள், எதை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட 47 விழுக்காடு தடவைகளில், செய்யும் வேலையை விட்டு மனம் வேறெங்கோ இருந்தது. வேலை எதுவும் இல்லாமல் சும்மா இருக்கும்போது மூளையின் சில பகுதிகள் கூடுதலாக இயங்குவதை நரம்பியல் ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. சும்மா இருந்தால் நினைவிலும் கற்பனையிலும் திரிவது மனத்தின் இயல்பு. "மனம் ஒரு குரங்கு" என்று நம் ஆட்கள் சொல்லிவைத்தது சும்மா இல்லை.

எந்த முறையில் தொடங்குவது

முறைகள் ஏராளம். மூச்சைக் கவனிப்பது, மந்திரம் சொல்வது, உடலின் ஒவ்வொரு பகுதியாகக் கவனம் செலுத்துவது, நடந்தபடி செய்வது, எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும் என்று மனதார நினைப்பது. மரபுகளும் பல. "தியானம்" என்று நாம் சொல்லும் அதே சொல்தான் சீனத்துக்குப் போய் "சான்" ஆகி, ஜப்பானில் "ஸென்" ஆனது. இவ்வளவு தூரம் பயணப்பட்ட ஒன்றுக்குப் பல வடிவங்கள் இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

புதிதாக வருகிறவருக்கு நான் மூச்சைத்தான் சொல்வேன். எந்தக் கருவியும் வேண்டாம், எந்த நம்பிக்கையும் வேண்டாம், எங்கே போனாலும் கூடவே வரும். ஏற்கெனவே மந்திரம் சொல்லிப் பழகியவர் என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். கீழே "மூச்சு" என்று வருகிற இடத்திலெல்லாம் "மந்திரம்" என்று படித்துக்கொள்ளலாம். எதுவாக இருந்தாலும் எட்டு வாரத்துக்கு ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு முறையாக மாற்றிக்கொண்டே போனால் எதிலும் ஆழம் வராது.

நேரமும் இடமும்

"நேரம் கிடைக்கும்போது உட்காருவேன்" என்று விட்டால் நேரம் கிடைக்கவே கிடைக்காது. தினமும் தவறாமல் செய்கிற ஒரு வேலையோடு தியானத்தை முடிச்சுப்போடுங்கள். பல் துலக்கி முடித்ததும், குளித்துவிட்டு வந்ததும், இரவு விளக்கை அணைப்பதற்கு முன் என்று ஏதாவது ஒன்று. கடிகார நேரத்தைவிட இந்த முடிச்சு உறுதியானது. ஆறு மணிக்கு என்று வைத்தால், ஆறேகாலுக்கு எழுந்த அன்று அது போய்விடும். பல் துலக்கியதும் என்று வைத்தால், எத்தனை மணிக்கு எழுந்தாலும் பல் துலக்கத்தானே போகிறோம்?

காலையா மாலையா என்று கேட்டால், நான் காலை என்பேன். அன்றைய வேலைகள் இன்னும் மனத்தைப் பிடித்து இழுக்கத் தொடங்கியிருக்காது. ஆனால் காலையில் வீடே பரபரப்பாக இருக்கிறவர்களுக்கு மாலைதான் நடக்கும். நடக்கிற நேரமே நல்ல நேரம்.

இடத்துக்குத் தனி அறை தேவையில்லை, ஒரு மூலை போதும். தினமும் அதே மூலை, அதே நாற்காலி அல்லது அதே விரிப்பு. கைபேசியை ஏரோபிளேன் மோடில் போட்டு, மெல்லிய மணியோசை வருகிற மாதிரி டைமர் வைத்து, கைக்கு எட்டாத தூரத்தில் திரை கீழே பார்க்க வைத்துவிடுங்கள். "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று பார்க்கத் தோன்றும் ஒவ்வொரு தடவையும், பார்க்க முடியாது என்பதே பெரிய உதவி.

உட்காரும் விதம்

பத்மாசனம் போட வரவில்லை என்பதால் தியானம் வராது என்று நினைப்பவர்கள் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். முதுகைச் சாய்க்காமல் சற்று முன்னால் தள்ளி உட்கார்ந்து, இரண்டு பாதங்களும் முழுசாகத் தரையில் படுகிற மாதிரி வையுங்கள். தரையில் உட்காருகிறவர்கள் ஒரு கெட்டியான தலையணையையோ நான்காக மடித்த போர்வையையோ இடுப்புக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருக்கவேண்டும். அப்போதுதான் முதுகு தானாக நிமிரும், பிடித்து நிறுத்தவேண்டியிருக்காது. பலரும் இதைச் செய்யாமல் சமதரையில் கூன் விழ உட்கார்ந்துவிட்டு, பத்து நிமிடத்தில் முதுகுவலி என்று எழுந்துவிடுகிறார்கள்.

முகவாய் லேசாக உள்ளே, தோள்கள் தளர்ந்து, கைகள் தொடைமேல். பற்களைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்களா என்று ஒரு தடவை பாருங்கள். நிறையப் பேர் தெரியாமலே கடித்துக்கொண்டிருப்பார்கள். கண்ணை மூடலாம், தூக்கம் வந்தால் பாதி திறந்து இரண்டடி முன்னால் தரையைப் பார்க்கலாம்.

கால் மரத்துப்போவது நரம்பு அழுத்தப்படுவதால் வருவது. மெதுவாக, கவனத்தோடு காலை மாற்றிக்கொள்ளுங்கள். எழுந்திருக்கும்போது உணர்வு திரும்பும்வரை பொறுங்கள், மரத்த காலோடு எழுந்து விழுந்துவிடக்கூடாது. முழங்காலில் குத்துகிற மாதிரி கூர்மையான வலி வந்தால், அதைப் பொறுத்துக்கொள்வதில் எந்தப் புண்ணியமும் இல்லை. நாற்காலிக்கு மாறிவிடுங்கள்.

முதல் ஐந்து நிமிடம், நெருங்கிப் பார்த்தால்

சரி, உட்கார்ந்தாயிற்று. டைமர் ஓடுகிறது. முதலில் இரண்டு மூன்று மூச்சை நன்றாக இழுத்து, இழுத்ததைவிட நிதானமாக வெளியே விடுங்கள். மூச்சை வெளியே விடும்போது இதயத்துடிப்பு சற்றுக் குறைவது உடலின் இயல்பு, அதனால் நீண்ட வெளிமூச்சு உடலை அமைதிப்படுத்தும். அப்புறம் மூச்சை அதன் போக்கில் விட்டுவிடுங்கள். நீளமாக வந்தால் நீளம், குட்டையாக வந்தால் குட்டை. நீங்கள் மூச்சை ஓட்டவேண்டாம், கூடப் போனால் போதும்.

இனி மூச்சு எங்கே தெளிவாகத் தெரிகிறது என்று தேடுங்கள். சிலருக்கு வயிறு ஏறி இறங்குவதில், சிலருக்கு மார்பில். எனக்கு மூக்கு நுனியில், மேலுதட்டுக்குச் சற்று மேலே, காற்று உரசிப் போகிற இடத்தில். உள்ளே வருகிற காற்று கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும், வெளியே போவது லேசான வெதுவெதுப்போடு இருக்கும். ஒரு துவாரத்தில் மற்றதைவிட அதிகமாகப் போய்வரும். மூச்சு முழுசாக வெளியே போனபின், அடுத்தது தொடங்குவதற்குள் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியைக் கவனித்திருக்கவே மாட்டோம். எனக்கு அது முதல்முதலில் தெரிந்தபோது, இத்தனை வருடம் சுவாசித்துக்கொண்டிருந்தவனுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று இருந்தது.

ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. மூன்றாவதில் எங்கோ ஒரு கதவு சாத்துகிற சத்தம். யாராக இருக்கும்? அந்தப் பழுதான தாழ்ப்பாளை இன்னும் சரிசெய்யவில்லையே. போன வாரம் வருகிறேன் என்று சொன்ன தச்சர் வரவேயில்லை, இன்றைக்குக் கூப்பிட்டுப் பேசவேண்டும், கொஞ்சம் கறாராகவே பேசவேண்டும். பேச்சின் வசனம்கூட மனத்தில் உருவாகிவிடுகிறது. திடீரென்று: "அட, மூச்சை விட்டுவிட்டோமே."

இந்த நொடியில்தான் நிற்கவேண்டும். இந்த "அட" உங்களால் வரவழைக்கப்பட்டது இல்லை, தானாக வந்தது. விழித்துக்கொண்டது போல. அந்த நொடியில் நாம் பழக்கதோஷத்தில் என்ன செய்கிறோம்? "சே, மறுபடியும் போயிடுச்சே" என்று நம்மையே திட்டிக்கொள்கிறோம். விழித்ததற்குத் தண்டனை கிடைத்தால் மனம் அடுத்த தடவை விழிக்கத் தயங்கும். அதனால் திட்டவேண்டாம். "யோசனை" என்று மனத்துக்குள் ஒரு தடவை மெதுவாகச் சொல்லுங்கள். தச்சரிடம் பேசவேண்டிய விஷயத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்று நினைக்காமல், பாதியிலேயே விட்டுவிட்டு, அடுத்து வருகிற மூச்சுக்குப் போங்கள். நடை பழகுகிற குழந்தை விழுந்தால் தூக்கி நிறுத்துகிற கை எப்படி இருக்குமோ, அந்த மென்மை போதும்.

ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை சுவாசிக்கிறார். ஐந்து நிமிடத்தில் 60-லிருந்து 100 மூச்சு. அதில் பத்துப் பதினைந்தை முழுசாகக் கவனித்திருந்தால் முதல் நாளுக்கு அது நிறைவான பயிற்சி.

மனம் ரொம்பவும் துள்ளினால் எண்ணிக்கையைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஓர் எண், ஒன்றிலிருந்து பத்து வரை, பிறகு மறுபடி ஒன்று. ஸென் பௌத்த மடங்களில் புதியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். பதினான்கு என்று எண்ணிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தால், வாய் எண்ண மனம் வேறெங்கோ போய்விட்டது என்று அர்த்தம். ஒன்றுக்குத் திரும்புங்கள். பத்தைத் தொடுவது இலக்கு கிடையாது. நான் பல நாள் நான்கைத் தாண்டியதில்லை.

வாரங்கள் போகப்போக

முதல் இரண்டு வாரம் ஐந்து நிமிடம்தான். நன்றாகப் போகிறதே என்று கூட்டவேண்டாம். "இன்னும் கொஞ்சம் உட்காரலாமே" என்ற ஆசை மிச்சமிருக்கும்போது எழுந்தால், மறுநாள் உட்காருவது சுலபம். மூன்றாம் வாரத்திலிருந்து பத்து நிமிடம். ஆறாம் வாரத்தில் 15. எட்டாம் வாரத்தில் 20 வந்தால் அங்கேயே பல மாதம் நிற்கலாம். பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு 20 நிமிடம் தாராளம் என்பது என் கருத்து.

ஜான் கபாட்-ஸின் 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய மனஅழுத்தக் குறைப்புப் பயிற்சியும் எட்டு வாரம்தான். அதில் தினமும் வீட்டில் ஏறத்தாழ 45 நிமிடம் பயிற்சி செய்யச் சொல்வார்கள். ஆனால் அங்கே ஆசிரியர் உண்டு, வாராவாரம் கூடுகிற குழு உண்டு, கேட்க ஆள் உண்டு. தனியாகத் தொடங்குகிறவர் அந்த நிமிடக் கணக்கை எடுத்துக்கொள்ளக்கூடாது. என் முதல் தடவை அப்படித்தான் முறிந்தது.

வரக்கூடிய சிக்கல்கள்

தூக்கம் வருவது முதல் சிக்கல். முதலில் நேர்மையாகப் பாருங்கள், இரவில் போதுமான அளவு தூங்குகிறீர்களா? இல்லையென்றால் உடல் கேட்பது தூக்கத்தை, அதைக் கொடுத்துவிடுங்கள். தூக்கம் போதுமானதாக இருந்தும் மந்தமாக இருந்தால், கண்ணைப் பாதி திறங்கள், முதுகை நிமிர்த்துங்கள், அல்லது அன்றைக்கு நடந்தபடி செய்யுங்கள். பத்துப் பன்னிரண்டு அடி நீளமுள்ள இடம் போதும். மெதுவாக நடந்து, குதிகால் தரையில் படுவது, பாரம் முன்பாதத்துக்கு மாறுவது, பின்கால் தூக்குவது என்று ஒவ்வொன்றையும் உணர்ந்து, முனையில் நின்று, திரும்பி நடங்கள். மூச்சின் இடத்தில் பாதம், மற்றதெல்லாம் அதேதான்.

இருப்புக்கொள்ளாமல் தவிப்பது இன்னொன்று. உடனே எழுந்து எதையாவது செய்யவேண்டும் போல இருக்கும். அந்தத் தவிப்பு உடம்பில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நெஞ்சில் இறுக்கமா, காலில் குறுகுறுப்பா? ஒரு நிமிடம் அதையே கவனித்தால், அது ஏறி, நின்று, இறங்குவது தெரியும். மூக்கு அரிப்பிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். உடனே சொறியாமல் இருந்தால் அது என்ன ஆகிறது என்று பார்ப்பது சுவாரசியமான விஷயம்.

"ஒன்றுமே நடக்கவில்லையே" என்ற அலுப்பு மூன்றாம் நான்காம் வாரத்தில் வரும். விடுகிறவர்களில் பாதிப் பேர் இங்கேதான் விடுகிறார்கள் என்பது நான் பார்த்த அளவில் தோன்றுவது. உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மாற்றத்தைத் தேடாதீர்கள். அது வேறு இடத்தில் தென்படும். யாரோ சுருக்கென்று ஏதோ சொல்கிறார்கள், பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, ஆனால் வெளியே வருவதற்கு முன் "கோபம் வருகிறது" என்று உங்களுக்குத் தெரிகிறது. அந்த அரை நொடி முன்பு இருந்ததில்லை. மூச்சிலிருந்து நழுவிய மனத்தைக் கண்டுபிடித்த அதே கண்டுபிடிப்புதான் அது.

இதற்கு நேர்மாறாக, ஒரு நாள் ஆழ்ந்த அமைதியும் சந்தோஷமும் வரலாம். மறுநாள் அதே வேண்டும் என்று உட்கார்ந்தால் அது வராது, ஏமாற்றம்தான் மிஞ்சும். வந்ததை வந்ததாக விட்டுவிட்டு, மூச்சுக்குத் திரும்புங்கள்.

எதை எதிர்பார்க்கலாம், எப்போது நிறுத்தவேண்டும்

தியானம் சகல நோய்க்கும் மருந்து என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். 2014-ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு, மொத்தம் 3,515 பேர் பங்கேற்ற 47 சோதனைகளை ஆராய்ந்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி இவற்றில் மிதமான அளவு பலன் தெரிந்தது. உடற்பயிற்சி, மருந்து போன்ற மற்ற சிகிச்சைகளைவிட இது மேல் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. எனக்கு இது போதுமான பலனாகவே படுகிறது. ஆனால் மனச்சோர்வுக்கோ வேறு எதற்கோ மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர், மருத்துவரிடம் கேட்காமல் அதை நிறுத்திவிட்டுத் தியானத்தில் உட்காரக்கூடாது.

எல்லோருக்கும் எல்லா நேரத்திலும் கண்ணை மூடி உள்ளே பார்ப்பது நல்லதில்லை என்பதையும் சொல்லவேண்டும். பெரிய அதிர்ச்சியைக் கடந்து வந்தவர்களுக்கு, அமைதியாக உட்கார்ந்ததும் பழைய காட்சிகள் வெள்ளம்போல வரலாம். பயம் மேலோங்கினால், உடம்பே தன்னுடையது இல்லை என்பது போலத் தோன்றினால், உடனே கண்ணைத் திறங்கள். பாதம் தரையில் படுவதை உணருங்கள், அறையில் இருக்கும் ஐந்து பொருட்களைப் பெயர் சொல்லிப் பாருங்கள், எழுந்து நடங்கள். தொடர்ந்து அப்படி வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு, மனநல மருத்துவரிடம் பேசுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வது தைரியம் ஆகாது.

பத்து நாள் விபாசனா (பௌத்த மரபிலிருந்து வந்த ஒரு தியான முறை) முகாம் போன்றவற்றைப் பற்றியும் கேட்பார்கள். விபாசனா ஆசிரியர் எஸ்.என். கோயங்கா வழியில் நடக்கிற முகாம்களில் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, பேசாமல், நாளுக்குப் பத்து மணி நேரம்வரை உட்காரவேண்டும். பலருக்கு அது வாழ்க்கையையே மாற்றியிருக்கிறது. ஆனால் தினமும் 20 நிமிடம் சில மாதமாவது உட்கார்ந்து பழகியபின் போங்கள், விண்ணப்பத்தில் உடல்நலம், மனநலம் பற்றிக் கேட்பதை மறைக்காமல் எழுதுங்கள்.

விட்டுப்போன நாட்கள்

எந்தப் பழக்கத்திலும் நாட்கள் விட்டுப்போகும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியவர்களும் 96 பேரை வைத்து, ஒரு புதுச் செயல் எத்தனை நாளில் பழக்கமாகிறது என்று ஆராய்ந்தார்கள். சராசரியாக 66 நாள்; ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 நாள்வரை வித்தியாசம். "21 நாளில் பழக்கமாகிவிடும்" என்று சொல்வதை நம்பி, 22-ம் நாளும் கஷ்டமாக இருக்கிறதே என்று சோர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு ஆறுதல். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: நடுவில் ஒரு நாள் தவறுவது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

தவறிய நாளைவிட, தவறிய பிறகு நமக்குள் ஓடுகிற பேச்சுதான் கெடுதல் செய்கிறது. "போச்சு, எல்லாம் போச்சு, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ஒழுங்காகத் தொடங்கலாம்." மூச்சை விட்ட நொடியில் "சே" என்ற அதே குரல்தான் இது. அங்கே என்ன செய்தோமோ அதையே இங்கேயும் செய்யவேண்டும்: திட்டாமல், கணக்குப் பார்க்காமல், அடுத்து வருகிற நாளுக்குப் போவது. விட்டதற்கு ஈடாக மறுநாள் இரண்டு மடங்கு உட்காருவதும் வேண்டாம், அது தண்டனையாகிவிடும்.

ஐந்து நிமிடமும் கிடைக்காத நாட்களுக்கென்று ஒரு குறைந்த அளவை இப்போதே முடிவு செய்துவையுங்கள். என்னுடையது மூன்று மூச்சு. அதே மூலையில் போய் உட்கார்ந்து, மூன்று மூச்சை முழுசாகக் கவனித்துவிட்டு எழுந்துவிடுவேன். அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த இடத்துக்குப் போவது நின்றுபோகவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு வீட்டில் ஒருவருக்கு உடல்நிலை மோசமாகி, ஆறு வாரம் மருத்துவமனையும் வீடுமாக அலைந்தேன். மூன்று மூச்சுகூட நடக்கவில்லை. எல்லாம் அடங்கியபின் அந்த மூலைக்குப் போனபோது, மடித்து வைத்த போர்வைமேல் தூசி படிந்திருந்தது. உதறிப் போட்டு உட்கார்ந்தேன். 20 நிமிடம் உட்காருகிறவன் என்ற நினைப்பை விட்டுவிட்டு டைமரில் ஐந்து வைத்தேன். முதல் மூச்சிலேயே மருத்துவமனை நடைபாதை வந்தது. "யோசனை" என்று சொல்லி, மூக்கு நுனிக்கு வந்தேன்.